அக்காள் துறந்த அரசர்

திருச்சியிலிருந்து ஒரு நேயர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஓய்வு பெற்ற உபாத்தியாயர். ஒன்பது வருஷமாக அவரும் அவருடைய மனைவியும் அமெரிக்காவில் குமாரன் வீட்டுக்கும் திருச்சியில் சொந்த வீட்டுக்குமாகப் போய் வந்துகொண்டிருக்கிறார்கள். "நீங்களும் இந்த ஊர்ப் பிரஜைகளாகிவிடுங்கள், அப்பா, இந்த அலைச்சல் தீரும்" என்று குமாரர் வற்புறுத்துகிறாராம். நேயர் கேட்கிறார்: "சுதந்திரத்துக்கு முந்திப் பிறந்தவன் நான். சுதந்திர தேசத்தின் பிரஜை என்ற பாத்தியதையை, எண்பதாவது வயதில், ஒரு மண்டபத்தில் நின்று வலது கையை உயர்த்தித் துறப்பது தகுமா? தங்கள் அபிப்பிராயத்தை எழுத வேண்டும்."

தகும், தகாது என்று தீர்ப்புச் சொல்ல நமக்கு யோக்கியதை கிடையாது. ஆனால் இதே காரியத்தை நம்முடைய சொந்த அக்காள் செய்ததை, மேல் மாடத்தில் உட்கார்ந்து கண்ணாரப் பார்த்திருக்கிறோம். அதைச் சொல்லுகிறோம், நேயர் தாமே யோசித்துக்கொள்ளட்டும்.

அக்காள் 1949-ஆம் வருஷம் மாயவரத்தில் பிறந்தவர். எங்கள் தகப்பனார் 1942-இல் அலிபுரம் சிறையில் களி தின்றவர். கடைசி வரையில் கதர் தவிர வேறு உடுத்தாதவர். அவர் வளர்த்த பெண் ஆகையால், 1971-ஆம் வருஷம் முதல் எந்தத் தேர்தலிலும் அக்காள் வாக்குச்சாவடிக்குப் போகாமல் இருந்ததில்லை. காலையில் ஸ்நானம் செய்து, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, கோயிலுக்குப் போகிறவர் மாதிரிப் போவார். அத்திம்பேர் காலமான பிறகு, 2010-இல், கலிபோர்னியாவில் பிரீமாண்ட் என்னும் ஊரில் இருக்கும் ஒரே பிள்ளையிடம் போய்ச் சேர்ந்தார். கிரீன் கார்டு என்று எல்லோரும் சொல்லுகிற நிரந்தர வாச அட்டை கிடைத்தது.

நிரந்தர வாசம் என்றால் அங்கே நிரந்தரமாய் வாசம் செய்ய வேண்டும் என்று அர்த்தம். அனுமதி பெறாமல் ஒரு வருஷத்துக்கு மேல் வெளித் தேசத்தில் இருந்துவிட்டால், அந்த வாசத்தைக் கைவிட்டதாகவே கொள்ளுவார்கள். ஆறு மாதத்தைத் தாண்டினாலே விமான நிலையத்து உத்தியோகஸ்தர் ஏன், எதற்கு என்று விசாரிப்பார். அக்காளோ வருஷந்தோறும் மார்கழி பிறக்கும் சமயத்தில் மாயவரம் வந்துவிடுவார். காரணம், எங்கள் தாயார் அப்போது நம்முடன் இருந்தார். 2016-இல் தாயாருக்கு எண்பத்தெட்டு வயது. கொல்லைப் படியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. அக்காள் கூடவே இருந்து பார்த்துக்கொண்டார். ஐந்தாவது மாதம் முடிகிற தறுவாயில் மூட்டை கட்ட வேண்டியதாயிற்று. படுக்கையில் இருந்தபடியே தாயார் கேட்டார்: "ஏண்டி, உன் பிள்ளை ஊர்ச் சர்க்கார் இன்னும் பத்து நாள் லீவு கொடுக்காதா?"

இந்தக் கேள்வி அக்காளை உறுத்திக்கொண்டே இருந்தது. பிள்ளையாண்டான் வழி சொன்னான். அங்கே பிரஜையாகிவிட்டால் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் மாயவரத்தில் இருக்கலாம். யாரும் கேட்க முடியாது. இந்தியாவில் தங்குவதற்காக இந்தியப் பிரஜா உரிமையைத் துறப்பது! இதைக் கேட்டு நாம் சிரித்தோம். ஆனால் யோசிக்க யோசிக்க, அதில் பிசகு ஒன்றும் அகப்படவில்லை. பிள்ளைகளை அயல் தேசத்துக்கு அனுப்பிவிட்டு இரண்டு கரைகளிலும் கால் வைத்து நிற்கும் பெரியவர்கள் இந்தத் தர்க்கத்துக்குத்தான் வந்து சேருகிறார்கள்.

நமது தேசத்தின் சட்டம் இதில் கண்டிப்பானது. அரசியல் சட்டத்தின் 9-ஆவது பிரிவும், 1955-ஆம் வருஷத்துப் பிரஜா உரிமைச் சட்டமும் ஒன்றையே சொல்லுகின்றன. தானாக விரும்பி வேறு தேசத்தின் பிரஜையானவன் இந்தியப் பிரஜை அல்லன். இரட்டைப் பிரஜா உரிமை நமக்குக் கிடையாது. 2005-ஆம் வருஷத்துத் திருத்தத்துக்குப் பிறகு, "வெளிநாட்டு இந்தியப் பிரஜை" என்று ஓர் அட்டை தருகிறார்கள். பெயரில்தான் பிரஜை. வரலாம், போகலாம், ஆயுள் முழுவதும் இருக்கலாம். வாக்கு மட்டும் கிடையாது. சர்க்கார் பதவி கிடையாது. புதிதாக நஞ்சை புஞ்சை வாங்கவும் முடியாது.

2018-இல் விண்ணப்பம் போட்டார்கள். அப்போது கட்டணம் 725 டாலர். (2024 ஏப்ரல் முதல் காகிதத்தில் எழுதிப் போட்டால் 760, கம்ப்யூட்டர் மூலம் அனுப்பினால் 710.) விண்ணப்பம் இருபது பக்கம். நாம் அதைப் படித்துப் பார்த்தோம்; ஒரு நாவலைப் போலச் சுவாரஸ்யமாக இருந்தது. நீர் பெருங்குடியரா? சட்ட விரோதமாய்ச் சூதாடியதுண்டா? ஒரே சமயத்தில் ஒருவருக்கு மேற்பட்டவரை விவாகம் செய்துகொண்டிருந்தீரா? 1933-க்கும் 1945-க்கும் இடையில் ஜெர்மனியின் நாஜி சர்க்காருக்கு ஊழியம் செய்தீரா? கடைசிக் கேள்விக்கு அக்காள், "நான் பிறக்கவே இல்லை என்று எழுதலாமா?" என்று கேட்டார். "இல்லை" என்ற கட்டத்தில் குறியிட்டால் போதும் என்று பிள்ளை சமாதானம் சொன்னான். சூதாட்டக் கேள்விக்கு மட்டும் சற்றுத் தயங்கினார். நவராத்திரியின்போது பக்கத்து வீட்டு மாமிகளோடு புளியங்கொட்டை வைத்துத் தாயம் ஆடியது ஞாபகம் வந்ததாம்.

உண்மையில் கஷ்டமான கேள்வி வேறு. கடந்த ஐந்து வருஷத்தில் தேசத்தை விட்டு வெளியே போன ஒவ்வொரு பிரயாணத்தையும், போன தேதி, வந்த தேதி, நாள் கணக்கு உட்பட எழுத வேண்டும். ஐந்து வருஷத்தில் பாதி, அதாவது முப்பது மாதமாவது, அமெரிக்க மண்ணில் இருந்திருக்க வேண்டும். அக்காள் தமது தினசரிக் காலண்டர் தாள்களைப் பெட்டியிலிருந்து எடுத்தார். மாயவரத்துக்குக் கிளம்பிய நாள், திரும்பிய நாள் எல்லாம் அவற்றின் பின்பக்கத்தில் பால் கணக்கோடு எழுதி வைத்திருந்தார். கூட்டிப் பார்த்ததில் முப்பது மாதத்துக்கு மேல் சில வாரங்களே மிஞ்சின. பெற்ற தாயிடம் இருந்த நாட்களெல்லாம் கழித்தல் கணக்கில் போயின.

நாட்களை இப்படி எண்ணுவது நம்மவர்களுக்குப் புதிதன்று. இலங்கை மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளருக்காக 1949-இல் கொழும்பில் ஒரு சட்டம் செய்தார்கள். 1946 ஜனவரி 1-ஆம் தேதிக்கு முன், விவாகமானவர் ஏழு வருஷமும் ஆகாதவர் பத்து வருஷமும் இடைவிடாமல் இலங்கையில் இருந்ததாக ருஜுப்பிக்க வேண்டும். இந்தியாவுக்கு வந்தவர் ஒரு வருஷத்துக்கு மேல் தங்கிவிட்டால் அந்தத் தொடர்ச்சி அறுந்தது. கொழுந்து கிள்ளுகிறவர்கள் ரசீதுக்கும் சாட்சிக்கும் எங்கே போவார்கள்? சுமார் எட்டு லட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்கே உரிமை கிடைத்தது. மிஞ்சியவர்களில் பலரை 1964-ஆம் வருஷத்து ஒப்பந்தப்படி கப்பலேற்றி அனுப்பினார்கள். அங்கேயே தங்கிவிட்ட நாடற்றவர்களுக்கு 2003-இல்தான் ஒரு சட்டம் வழி செய்தது. பிரீமாண்டில் மேஜை விளக்கின் கீழே காலண்டர் தாள் புரட்டிய அக்காளுக்கு அந்த அவஸ்தை இல்லை. அவரிடம் தாள்கள் இருந்தன. எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளையும் இருந்தான்.

அடுத்தது பரீட்சை. அமெரிக்க சரித்திரத்தையும் ஆட்சி முறையையும் பற்றி நூறு கேள்விகள் அச்சிட்டுக் கொடுத்துவிடுவார்கள். அவற்றில் பத்துக் கேட்பார்கள். ஆறுக்குச் சரியாகப் பதில் சொன்னால் தேறியதாக அர்த்தம். (2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 128 கேள்விகள், அவற்றில் இருபது வரையில் கேட்பார்கள், பன்னிரண்டு சரியாக வேண்டும். திருச்சி நேயர் குறித்துக்கொள்ளலாம்.) இங்கிலீஷில் ஒரு வாக்கியம் வாசிக்க வேண்டும், ஒரு வாக்கியம் எழுத வேண்டும். அக்காள் தமிழில் எஸ்.எஸ்.எல்.சி. வரையில் படித்தவர். ஐம்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர் பதினைந்து வருஷம் கிரீன் கார்டோடு இருந்திருந்தால் சொந்தப் பாஷையிலேயே பரீட்சை கொடுக்கலாம். அக்காளுக்கு அத்தனை வருஷம் ஆகவில்லை. ஆகவே அறுபத்தொன்பதாவது வயதில் மறுபடியும் பள்ளிக்கூடத்துப் பெண்ணானார். விடியற்காலையில் திருப்பாவை, அது முடிந்ததும் நூறு கேள்வி. கனடாவை ஒட்டிய மாகாணங்களின் பெயரைச் சாம்பாருக்குப் பருப்பு வேகும்போது உருப்போட்டார்.

ஸான் பிரான்ஸிஸ்கோவில் பரீட்சை நடந்தது. பரீட்சித்த உத்தியோகஸ்தர் ஒரு பெண்மணி; மரியாதையாக நடத்தினாராம். எட்டாவது கேள்வி: குடியேற்ற நாட்டார் பிரிட்டிஷாரோடு ஏன் போராடினார்கள்? அதிக வரி, வீடுகளில் பட்டாளத்தைத் தங்கவைத்தது, சுய ஆட்சி இல்லாதது, இவற்றில் எதைச் சொன்னாலும் சரி. அக்காள் "வரி" என்றார். அதோடு நிற்கவில்லை. "எங்கள் ஊரிலும் அப்படித்தான். எங்களுக்கு உப்புக்கு வரி" என்று கூடவே சொல்லிவிட்டார். அந்த அம்மாள் எழுதுவதை நிறுத்திவிட்டு, "உப்புக்கா?" என்று கேட்டாராம். அமெரிக்கர்கள் தேயிலை வரிக்காகப் பெட்டிகளைக் கடலில் கொட்டினார்கள். நாம் கடலிலிருந்து உப்பை எடுத்தோம். இரண்டு சமாசாரத்தையும் அந்தச் சின்ன அறையில் அக்காள் தம் இங்கிலீஷில் விளக்கியதை நினைக்க நமக்கு இன்றும் பெருமையாக இருக்கிறது. எழுதச் சொன்ன வாக்கியம்: குடிமக்களுக்கு வாக்களிக்கும் உரிமை உண்டு. அதைப் பிழையில்லாமல் எழுதினார். எழுதும்போது மாயவரம் நகராட்சிப் பள்ளிக்கூடம் நினைவுக்கு வந்தது என்று பின்னால் சொன்னார்.

ஓர் இடத்தில் மட்டும் திணறினார். சட்டம் கோரினால் தேசத்துக்காக ஆயுதம் ஏந்துவீரா என்ற கேள்வி. கதர் கட்டியவரின் பெண்ணுக்கு எப்படி இருக்கும்? "தோசைத் திருப்பியைத் தவிர ஒன்றும் ஏந்தியதில்லை" என்று வீட்டில் வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டிருந்தாலும், இரண்டு இரவு தூங்கவில்லையாம். இந்தக் கேள்விக்குப் பழைய கதை ஒன்று உண்டு. ஹங்கேரி தேசத்தில் பிறந்த ரோஸிகா ஷ்விம்மர் என்ற மாது, யுத்தம் கூடாதென்று உலகமெங்கும் பேசியவர். ஆயுதம் ஏந்த மாட்டேன் என்று உண்மையைச் சொன்னார். ஐம்பது வயதைத் தாண்டிய அந்த மாதுக்குப் பிரஜா உரிமை கிடையாதென்று 1929-இல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. 1946-இல் அதே கோர்ட்டு வேறொருவர் வழக்கில் அந்தக் கொள்கையைக் கைவிட்டது. ஷ்விம்மர் அம்மையாருக்கு அதனால் பலனில்லை. 1948-இல் எந்தத் தேசத்துக்கும் பிரஜையாக இல்லாமலே இறந்துபோனார். இப்போது மதக் கொள்கை காரணமாக ஆட்சேபிப்பவர்கள் அந்த வாசகத்தை விட்டுவிட்டுப் பிரமாணம் எடுக்கலாம். அக்காள் யோசித்துப் பார்த்து, காயம்பட்டவர்களுக்குக் கட்டுப் போடுவதென்றால் சரி என்று தமக்குள்ளே சமாதானம் செய்துகொண்டு "சம்மதம்" என்றார்.

பிரமாண வைபவம் 2019 அக்டோபரில் நடந்தது. அதற்காகவே நாம் அந்தத் தேசத்துக்குப் பிரயாணமானோம். ஓக்லண்ட் நகரத்தில் 1931-இல் திறந்த பாரமவுண்ட் என்ற பழைய சினிமா மாளிகை. சுமார் மூவாயிரம் பேர் உட்காரலாம். சுவரெல்லாம் பொன்னிறச் சிற்ப வேலை. பிரமாணம் எடுப்பவர்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் கீழே. பந்துமித்திரர்கள் மேல் மாடத்தில். வாசலிலேயே கிரீன் கார்டை வாங்கிக்கொண்டுவிட்டார்கள். பரீட்சைக்குப் பிறகு குற்றம் ஏதாவது செய்தீரா, விவாகம் செய்துகொண்டீரா என்று இன்னொரு தாளில் மறுபடியும் கேட்டார்கள். அட்டையைக் கொடுத்த நிமிஷத்துக்கும் பிரமாணம் எடுத்த நிமிஷத்துக்கும் நடுவே ஒன்றரை மணி நேரம் இருந்தது. அக்காள் பட்டுப் புடவை கட்டி, வைர மூக்குத்தியோடு, கையில் அவர்கள் கொடுத்த சின்னக் காகிதக் கொடியை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அந்த மூக்குத்தியைப் பார்த்ததும் நமக்கு இன்னொரு மூக்குத்தி ஞாபகத்துக்கு வந்தது. 1915-இல் பெஷாவரிலிருந்து வைஷ்ணவ தாஸ் பாகாய் என்பவர், மனைவி கலா அம்மையுடனும் மூன்று ஆண் குழந்தைகளுடனும் ஸான் பிரான்ஸிஸ்கோ துறைமுகத்தில் வந்து இறங்கினார். அம்மையின் மூக்குத்தியை அதிசயமாக எண்ணி அவ்வூர்ப் பத்திரிகை சேதி போட்டது. பாகாய் தேசபக்தர், கதர் கட்சியாருக்கு உதவியவர், பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் குழந்தைகள் வளரக் கூடாதென்று வந்தவர். 1921-இல் அமெரிக்கப் பிரஜையானார். கடை வைத்தார், வீடு வாங்கினார்.

அமெரிக்காவின் முதல் பிரஜா உரிமைச் சட்டம் 1790-இல் வந்தது. "சுதந்திரமான வெள்ளை மனிதர்" மட்டுமே விண்ணப்பிக்கலாம் என்றது அது. பிற்பாடு ஆப்பிரிக்க வம்சத்தாரைச் சேர்த்தார்களே தவிர, நம்மைச் சேர்க்கவில்லை. முதல் மகாயுத்தத்தில் அமெரிக்கச் சேனையில் சேவை செய்த பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபியர், தாமும் ஆரிய வம்சத்தவரே என்று வாதாடிப் பார்த்தார். 1923 பிப்ரவரி 19-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு, பாமர ஜனங்கள் யாரை வெள்ளையர் என்கிறார்களோ அவர்களே வெள்ளையர், ஹிந்துக்கள் அல்லர் என்று கூறிவிட்டது. வம்சத்தைக் காட்டி வாதாடியது நமக்குச் சம்மதமில்லை. ஆயினும் அந்தச் சட்டம் விட்டுவைத்த வாசல் அது ஒன்றுதான். (திந்த், பழைய படைவீரர்களுக்கென்று பின்னால் வந்த சட்டத்தின் மூலம் 1936-இல் பிரஜையாகிவிட்டார்.) தீர்ப்பைப் பிடித்துக்கொண்டு, முன்பே பிரஜைகளானவர்களின் உரிமைகளையும் பறித்தார்கள். பாகாயின் பத்திரம் ரத்தாயிற்று. பிரஜையாகத் தகுதியற்ற அந்நியர் கலிபோர்னியாவில் நிலம் வைத்துக்கொள்ளக் கூடாதாகையால் சொத்தும் போயிற்று. இந்தியாவிலுள்ள பந்துக்களைப் பார்த்து வரலாமென்றால் அமெரிக்கா பாஸ்போர்ட் தர மறுத்தது. வேண்டுமானால் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வாங்கிக்கொள்ளும் என்றார்கள். எந்த ஆட்சியை உதறி வந்தாரோ அதனிடமே கையேந்த வேண்டும்! அவர் கையேந்தவில்லை. 1928-இல் ஸான் ஹோஸே நகரத்தில் ஓர் அறை எடுத்து, எரிவாயுவைத் திறந்துவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டார். தமது சாவுக்கு இதுவே காரணமென்று ஒரு பத்திரிகைக்குக் கடிதமும் எழுதி வைத்திருந்தார்.

1946 ஜூலை 2-ஆம் தேதிதான் ஜனாதிபதி ட்ரூமன் கையெழுத்தால் இந்தியருக்கு அந்த வாசல் திறந்தது. அப்போதும் வருஷத்துக்கு நூறு பேர் மட்டுமே குடியேறலாம். அந்தச் சட்டத்துக்காக உழைத்தவர்களில் ஒருவரான தலீப் சிங் ஸௌந்த் 1949-இல் பிரஜையாகி, 1956-இல் அமெரிக்கக் காங்கிரஸுக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார். நூறு என்ற அளவு 1965-ஆம் வருஷத்துச் சட்டத்தால் ஒழிந்தது. பர்க்லி நகரத்தில் வாங்கிய வீட்டுக்குள் நுழைய விடாமல் அயலார் பூட்டி வைத்துத் தடுத்தார்களே, அந்தக் கலா அம்மையின் பெயரை அதே நகரத்தில் ஒரு வீதிக்கு வைப்பதென்று 2020-இல் நகரசபையார் தீர்மானித்தார்கள்.

மேல் மாடத்தில் இப்படிச் சிந்தனை ஓடிக்கொண்டிருக்க, கீழே தேசங்களின் பெயரை அகர வரிசையில் கூப்பிடத் தொடங்கினார்கள். பெயர் கேட்டதும் அந்தத் தேசத்தார் எழுந்து நிற்க வேண்டும். சில தேசங்களுக்கு ஒரே ஒருவர் எழுந்தார். எல்லோரும் கை தட்டினார்கள். "இந்தியா" என்றதும் சபையில் பல பக்கங்களிலிருந்தும் தலைகள் எழும்பின. அக்காள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தார். இந்தியாவின் பெயருக்கு இந்தியப் பிரஜையாக அவர் எழுந்து நின்றது அதுவே கடைசித் தடவை என்பது அப்போதுதான் நமக்கு உறைத்தது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டோம்.

பிறகு பிரமாணம். வலது கையை உயர்த்தி, உத்தியோகஸ்தர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னார்கள். இதுவரையில் பிரஜையாக இருந்த அந்நிய மன்னர், அதிபதி, ராஜ்யம், ஆதிபத்தியம் எதற்கும் இனி விசுவாசம் இல்லை என்று முழுவதும் துறக்கிறேன் என்பது அதன் சாரம். மன்னரைத் துறக்கும் வாசகம் 1795-ஆம் வருஷத்துச் சட்டத்திலேயே வந்துவிட்டது. ஆயிரம் குரல்கள் ஆயிரம் உச்சரிப்பில் ஒரே சமயத்தில் மன்னர்களைத் துறந்தன. அக்காளின் உதடு அசைவது தெரிந்தது. குரல் நமக்கு எட்டவில்லை.

வெளியே வந்ததும் பிள்ளையாண்டான் பரிகாசமாக, "என்னம்மா, எந்த ராஜாவைத் துறந்தாய்? நம்முடையது குடியரசாயிற்றே!" என்றான்.

"குடியரசு வந்தது 1950 ஜனவரியில். நான் பிறந்தது அதற்கு முந்தின வருஷம். அப்போது டில்லிக்கும் ஜார்ஜ் மன்னர்தான் ராஜா. அவரைத்தான் துறந்தேன். உன் தாத்தா இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்" என்றார் அக்காள்.

சரித்திரப்படி இது சரி. மன்னரை மட்டும் துறந்துவிட்டு மற்றதைத் தம்மிடமே வைத்துக்கொள்ளலாமா என்று வாய் வரை வந்த கேள்வியை நாம் விழுங்கிவிட்டோம். மனத்தில் ஒளிவு மறைவு வைத்துக்கொள்ளாமல் இதைச் சொல்லுகிறேன் என்றும் அந்தப் பிரமாணத்தில் ஒரு வாசகம் உண்டு. வாசலில் மேஜை போட்டு, புதுப் பிரஜைகளை வாக்காளர் ஜாபிதாவில் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு யாரும் சொல்லாமலே அக்காள் நேரே அங்கே போய் வரிசையில் நின்றார்.

இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்தார். ரத்துச் செய்த முத்திரையோடு திரும்பி வந்தது. இந்திய வம்சம் என்று ருஜுப்பிக்க வேறொரு விண்ணப்பம், வேறொரு கட்டணம், பிறந்த ஊர், தகப்பனார் பெயர். 2020 பிப்ரவரியில் வெளிநாட்டு இந்தியப் பிரஜை அட்டை கைக்கு வந்தது. ஏப்ரலில் புறப்பட்டு ஒரு வருஷம் மாயவரத்தில் தாயாரோடு இருப்பதாக ஏற்பாடு. தாயாரிடம் டெலிபோனில் சொல்லியாயிற்று. "லீவு கேட்க வேண்டாமே இனிமேல்?" என்று தாயார் இரண்டு தடவை கேட்டு நிச்சயப்படுத்திக்கொண்டார்.

மார்ச் மாதத்தில் கொரோனாக் கொள்ளை நோய் வந்தது. அந்த அட்டையை வைத்துக்கொண்டு விசா இல்லாமல் வரும் சலுகையை 13-ஆம் தேதி முதல் நிறுத்தி வைத்தார்கள். 22-ஆம் தேதி முதல் வெளிநாட்டு விமானங்களே இறங்கவில்லை. மே 7-ஆம் தேதி, வெளிநாடுகளில் அகப்பட்டுக்கொண்ட இந்தியப் பிரஜைகளை அழைத்து வர விசேஷ விமானங்கள் புறப்பட்டன. மே 12-ஆம் தேதி விடியற்காலையில் எங்கள் தாயார் காலமானார். தொண்ணூற்றிரண்டு வயது. பழைய பாஸ்போர்ட் இருந்திருந்தால் அக்காள் அந்த விமானங்களில் ஓர் இடத்துக்காவது பெயர் பதிந்திருக்கலாம். இடம் கிடைத்திருக்குமா என்பது வேறு விஷயம். புதிய பாஸ்போர்ட்டுக்கு அதுவும் கிடையாது. செல்போனைத் திண்ணையில் ஒரு செம்பின் மேல் சாய்த்து வைத்தோம். கலிபோர்னியாவில் அப்போது இரவு. அக்காள் நின்றுகொண்டே எல்லாவற்றையும் பார்த்தார். குடும்பத்தில் மரணம் போன்ற அவசரங்களுக்கு அட்டைக்காரர்களும் வரலாமென்று பத்து நாள் கழித்து, மே 22-ஆம் தேதி, விதியைத் தளர்த்தினார்கள். நோய்க் காலத்து விதிகள்; யாரைக் குறை சொல்லுவது? மருமான் மட்டும் நம்மிடம் பல நாள் பேசவில்லை. தான் சொன்ன யோசனைதானே என்று அவனுக்கு.

அவ்வருஷம் நவம்பர்த் தேர்தலுக்காக அக்காளுக்குத் தபாலில் வாக்குச்சீட்டு வந்தது. கலிபோர்னியாவில் அந்த முறை வாக்காளர் எல்லோருக்கும் தபாலில் அனுப்பினார்கள். இரண்டு நாள் வைத்துப் படித்து, ஸ்நானம் செய்துவிட்டு, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, குறி போட்டு அனுப்பினாராம்.

திருச்சி நேயருக்கு ஒரு வார்த்தை. பூர்வீக நிலம் இருந்தால் அது போய்விடாது, வைத்துக்கொள்ளலாம், புதிதாக விவசாய நிலம்தான் வாங்கக் கூடாது. இங்கேயுள்ள வாக்காளர் ஜாபிதாவிலிருந்து பெயரை நீக்கும்படி தாமே எழுதிக் கொடுத்துவிட வேண்டும், அது கடமை. வயோதிகர் வேறு யாராவது இங்கே அவருக்காகக் காத்திருந்தால், அட்டை கைக்கு வருகிற வரையில் பிரயாணத் தேதியை வைத்துக்கொள்ள வேண்டாம்.

அக்காள் 2021 டிசம்பரில் மாயவரம் வந்தார். எட்டு மாதம் இருந்தார். யாரும் ஏனென்று கேட்கவில்லை. இடையே 2022 பிப்ரவரி 19-ஆம் தேதி நகராட்சித் தேர்தல் வந்தது. காலையில் நாமும் நம் மனைவியும் புறப்படும்போது அக்காளும் பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். "உங்களுக்குத்தான் சீட்டு இல்லையே, அக்கா!" என்றோம். "உங்களைக் கொண்டு விடுகிறேன்" என்றார். நகராட்சிப் பள்ளிக்கூடத்து வாசலில் போலீஸ்காரர் நின்று சீட்டுப் பார்த்து உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார். அக்காள் எதிர்ச்சாரியில் வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டார். நாங்கள் வாக்களித்துவிட்டு வெளியே வர அரைமணி ஆயிற்று. நம் விரலைப் பிடித்து, நகத்திலிருந்து கணு வரையில் இழுத்திருந்த மை காய்ந்துவிட்டதா என்று பார்த்தார். பிறகு, பதினேழாவது வார்டில் யார் யார் நிற்கிறார்கள், தண்ணீர்க் குழாய் விஷயமாக யார் என்ன வாக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டே வீடு வரையில் நடந்து வந்தார்.